சத்தம் போட்ட பனி

முதுகு இல்லாத கோட்டைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனவன் இந்த மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அங்கே படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்காக ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கும். ஒல்லி, குண்டு, மாப்பிள்ளை, மாமனார் எல்லாருக்கும் அந்த ஒரே கோட்டுதான். எந்த உடம்புக்கும் பொருந்த வேண்டுமே என்று ஸ்டுடியோக்காரர் அதன் முதுகை மேலிருந்து கீழ்வரை கிழித்து வைத்திருந்தார். முன்னால் பார்த்தால் ஜில்லா கலெக்டர். பின்னால் பார்த்தால் நான்கு ஊக்கு. அதைத்தான் நான் இரவல் வாங்கிப் போனேன். "முதுகக் காட்டாத வரைக்கும் நீ தொரைதான், போய்ட்டு வா" என்று அவர் எச்சரித்துத்தான் அனுப்பினார்.

எழுபதுகளின் கடைசி. கல்லூரியில் செமஸ்டர் முறை வந்த புதிது. செமஸ்டர் என்றால் என்னவென்று எங்களில் பாதிப் பேருக்கும், பேராசிரியர்களில் கால்வாசிப் பேருக்கும் விளங்காத காலம். அப்போது ஒரு நட்புறவுச் சங்கம், எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மாணவனை ஒரு செமஸ்டர் மட்டும் நார்வே தேசத்துக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைப்பதாக அறிவித்தது. மற்ற வீடுகளில் பையன் வெள்ளைக்காரியோடு திரும்பிவிடுவான் என்று பயந்ததால், விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். ஒரு வாரம் கிளை நூலகத்தில் உட்கார்ந்து நார்வேயைக் கரைத்துக் குடித்திருந்தேன். அந்த நாட்டு மீன் ஏற்றுமதி எனக்குத் தெரியும். ராஜா பெயர் தெரியும். ஆனால் அந்தப் புத்தகத்தில் வரைபடம் இருந்த பக்கத்தை எனக்கு முன்னால் எவனோ கிழித்துக்கொண்டு போயிருந்தான்.

"நார்வே எங்க இருக்குன்னு காட்டு பாக்கலாம்" என்றார் பிரின்சிபால்.

உலகப் படம் எனக்குப் பின்னால் சுவரில் இருந்தது. திரும்பினேன். மூன்று பெரிய மனிதர்களுக்கு நான்கு ஊக்குகளும் என் சட்டையின் ஒட்டுப்போட்ட முதுகும் தரிசனம் ஆயின. அந்தப் பதற்றத்தில் என் விரல் போய் நின்ற இடம் நியூசிலாந்து.

அடுத்து உள்ளே போனவன், என் ஹாஸ்டல் அறைக்காரன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை விவசாயி மகன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று சொன்னால் மெட்ராஸ்காரன் என்று விலை ஏற்றிவிடுவார்கள். அவன் வேட்டி கட்டிக்கொண்டு போனான். அதே கேள்வி. அவன் படத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தெரியாதுங்க ஐயா. அனுப்பினீங்கன்னா போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அனுப்பிவிட்டார்கள்.

வெளிநாடு போனவர்கள் சாக்லேட் கொண்டு வருவார்கள், செண்ட் கொண்டு வருவார்கள், கெட்டிக்காரர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டு வருவார்கள். போன தேசத்தையே சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து ஊரில் விரித்தவன் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். திரும்பி வந்த மூன்றாம் நாளே அவன் பெயர் நார்வே ஆகிவிட்டது. நிஜப்பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் மிஞ்சியது. இப்போது கௌரவமான குடும்பஸ்தன் என்பதால் அதை நானும் சொல்லப்போவதில்லை.

முழங்காலைத் தொடும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டோடு வந்து இறங்கினான். (அதற்கு முதுகு இருந்தது என்பதை நான்தான் முதலில் கவனித்தேன்.) தை, மாசி போய்ப் பங்குனி வந்தது. மலை அடுப்புக்கல் போலச் சூடேறியது. கோட்டு கழலவில்லை. ஒருநாள் ஆசிரமத்துப் பக்கத்து டீக்கடையில் அவன் கோட்டும் பூட்சுமாக நிற்கிறான். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், நாலு முழ வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம், வெறுங்கால். டீ மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல யாருப்பா நம்மாளு?"

"நான்தாங்க" என்றான் நார்வே.

"அப்ப ரெண்டு பேரும் துணிய மாத்திக்கினு நில்லுங்க. எனக்குத் தல சுத்துது."

ஹாஸ்டலில் எங்கள் அறைக்கு ஆறு பேர். கதவு என்ற பெயரில் ஒரு பலகை இருந்தது. அதை யாரும் கையால் திறந்ததில்லை, காலால்தான். நார்வே திரும்பி வந்தபின் தன் சொந்த அறைக் கதவை மூன்று முறை மெல்லத் தட்டிவிட்டு, உள்ளிருந்து அனுமதி வரும்வரை வெளியே நிற்க ஆரம்பித்தான். எங்கள் ஹாஸ்டல் வரலாற்றில் கதவைத் தட்டியவர் வார்டன் மட்டுமே. ஆகவே டொக் டொக் கேட்டதும் ஒருவன் பீடியை ஜன்னலுக்கு வெளியே எறிவான், ஒருவன் சீட்டுக்கட்டின்மேல் உட்காருவான், ஒருவன் எரிகிற ஸ்டவ்வைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவான். பிறகு கதவு திறக்கும். கோட்டு தெரியும்.

"உள்ள வரலாமா?"

"இது உன் ரூம்டா!"

"நார்வேல கேக்காம நொழைய மாட்டாங்கடா."

"நார்வேல கட்டிலு எரியுமாடா? இங்க பார், எரியுது!"

மெஸ்ஸில் அவனுக்கும் சமையல்காரர் கோபாலுக்கும் தினமும் ராஜதந்திர நெருக்கடி. "நார்வேல இந்த நேரத்துக்கு உருளைக்கிழங்கு போடுவாங்க" என்பான் தட்டைப் பார்த்து.

"எந்த நேரத்துக்கு?"

"எல்லா நேரத்துக்கும்."

கோபால் கரண்டியைக் கீழே வைப்பார். "அப்ப ஏன்யா திரும்பி வந்த? அங்கியே கெழங்கோட கெழங்கா இருந்திருக்கலாமே."

"தேங்க்ஸ்" என்பான் நார்வே. எதற்கும் தேங்க்ஸ். சாம்பார் ஊற்றினால் தேங்க்ஸ். சாம்பார் தீர்ந்துவிட்டது என்றாலும் தேங்க்ஸ். வீட்டிலிருந்து அவனைப் பார்க்க வந்த அப்பா, ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டையை நீட்டினார். தேங்க்ஸ் நைனா என்றான். அவர் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இன்னாடா இது, அப்பன்கிட்ட போயி தேங்க்ஸு? பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரனா நான்?"

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் நாங்கள் எல்லோரும் கேட்க நினைத்தது. "நாலு மாசம் அங்க இன்னாதான் படிச்ச?"

"படிப்புன்னு தனியா ஒண்ணுமில்ல நைனா. அது ஒரு மாதிரி காலேஜு. பாடுவோம். கையப் புடிச்சிக்கினு வட்டமா ஆடுவோம். அப்புறம் காட்டுக்குப் போய் மரம் வெட்டுவோம்."

அப்பா மல்லாட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "மரம் வெட்டறதுக்கா பிளேன் ஏறிப் போன? நம்ம கொல்லையில வேலிகாத்தான் முள்ளு மண்டிக் கெடக்குது. வா. வந்து வெட்டு."

சைக்கிளைச் சாலையின் வலப்பக்கம் ஓட்டினான். நார்வேயில் அதுதான் சரியான பக்கமாம். பெரிய தெருவில் எதிரே ஒரு மாட்டுவண்டி. மாடுகள் நார்வே போனதில்லை. கோட்டோடு சாணத்தில் கிடந்தவனை வண்டிக்காரர் தூக்கிவிட்டார். அவருக்கும் தேங்க்ஸ் கிடைத்தது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் சிகரம் பஸ் ஸ்டாண்டு. கீழ்பென்னாத்தூர் பஸ் வந்தால் ஜனங்கள் ஜன்னல் வழியே துண்டு, பை, குழந்தை என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு இடம் பிடிப்பது வழக்கம். நார்வே மட்டும் படிக்கட்டுக்கு மூன்றடி தள்ளி விறைப்பாக நின்றான். நான் வழியனுப்பப் போயிருந்தேன். வெட்கத்தில் சோடாக் கடைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"இன்னா நிக்கற?" என்றார் கண்டக்டர்.

"க்யூல நிக்கறங்க."

"யாருக்குப் பின்னாடி?"

"யாருக்கும் பின்னாடி இல்லீங்க. நான்தான் மொத ஆளு."

"அப்ப ஏறு."

"எறங்கறவங்க மொதல்ல எறங்கட்டுங்க."

இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் பஸ் நிறைந்து, விசில் ஊதிப் போய்விட்டது. மூன்று பஸ் இப்படிப் போயிற்று. உலகத்திலேயே ஒரே ஆள் கொண்ட க்யூவில் ஒழுங்கு தவறாமல் நின்று, நான்கு மணிக்கு ஊருக்குக் கிளம்பியவன் ஆறரைக்கு ஹாஸ்டலுக்கே திரும்பி வந்து கதவைத் தட்டினான்.

இப்படிப்பட்ட ஒருவன் கையில் என் எதிர்காலம் இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் சோகமான பகுதி.

அனுப்பிவைத்த நட்புறவுச் சங்கத்தின் விதி ஒன்று. போய்வந்த மாணவன் தன் அனுபவங்களை ஒரு கட்டுரையாக எழுதிக் கல்லூரியில் படிக்க வேண்டும். நார்வேயிலிருந்து ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்து கேட்பார். கேட்டுவிட்டு, அடுத்த வருஷமும் இங்கிருந்து ஆள் எடுப்பதா, இத்தோடு நிறுத்திக்கொள்வதா என்று முடிவு செய்வார். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார். "அப்ளிகேஷன் போட்டது ரெண்டு பேர். ஒருத்தன் போய்ட்டு வந்துட்டான். மிச்சம் நீதான். அவன் கட்டுரை நல்லா அமைஞ்சா, நீ பிளேன் ஏறலாம். ஆனா முழுக் கோட்டா ஒண்ணு தச்சுக்கோ."

அறைக்கு ஓடினேன். நார்வே கட்டுரையை எழுதி முடித்து வைத்திருந்தான். மூன்று வரி. நார்வே போனேன். குளிராக இருந்தது. வந்தேன்.

அங்கிருந்த நான்கு மாதத்தில் அவன் எனக்குப் போட்ட ஒரே கடிதம் நினைவுக்கு வந்தது: 'இங்கு அனைவரும் நலம். இங்கு சோறு இல்லை.' இவனை நம்பினால் நான் ஊரை ஒட்டிய வேங்கிக்கால் ஏரியைக்கூடத் தாண்ட முடியாது. "நீ சொல்லு, நான் எழுதறேன்" என்று பேனாவை எடுத்தேன்.

"கடல் எப்படிடா இருந்துச்சு?"

"தண்ணியா இருந்துச்சு."

"சரி. அந்த மலைங்கள மொத மொதல்ல பாத்தப்ப உனக்கு மனசுல இன்னா தோணிச்சு?"

"பசி தோணிச்சு."

பேனாவை மூடி, அகராதியைத் திறந்தேன். இனி நார்வேக்கு நானே போய்வருவது என்று தீர்மானித்தேன். நான்கு நாளில் பன்னிரண்டு பக்கம், ஆங்கிலத்தில். பைன் மரங்கள் பெருமூச்சு விட்டன. கடல் என் ஆன்மாவோடு உரையாடியது. எல்லாவற்றிலும் நான் மெய்மறந்தது பனிப் பகுதியில். ஒரு காலை, பனி விழும் ஓசையில் கண்விழித்தேன் என்று எழுதினேன். தகரக் கூரையின்மேல் யாரோ மூட்டை மூட்டையாக வேர்க்கடலையைக் கொட்டுவது போலச் சடசடவென்று அது பொழிந்தது என்றும், அந்தப் பேரோசையில் என் அற்பத்தனம் கரைந்தது என்றும் எழுதினேன். வானத்திலிருந்து விழுவது எதுவானாலும் சத்தம் போடும் என்பதுதான் அதுவரை எனக்கிருந்த அனுபவம்.

நார்வேக்கு வாசித்துத் தமிழில் அர்த்தமும் சொன்னேன்.

"நல்லா எழுதிகீறடா" என்றான்.

போய்வந்தவனே ஒப்புக்கொண்டபின் வேறென்ன வேண்டும்? தையற்கடைக்குப் போய்க் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். முதுகோடு.

விழா நாளன்று ஹாலில் வெந்நீர் போலக் காற்று. நார்வே அம்மாள் ஆறடி உயரம், வெள்ளைத் தலை. போட்ட மாலையைக் கழற்றுவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கடைசிவரை அதற்குள்ளேயே இருந்தார். நார்வே கோட்டோடு மேடை ஏறினான். பேப்பரைப் பிரித்துப் படித்தான். பைன் மரங்கள் பெருமூச்சு விட்டபோது பிரின்சிபால் தலையாட்டினார். ஆன்மாவோடு கடல் உரையாடியபோது ஆங்கிலப் பேராசிரியர், இப்படி ஒரு மாணவனைத் தானே உருவாக்கியது போல முகத்தை வைத்துக்கொண்டார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து மனதுக்குள் பெட்டி கட்டினேன்.

ஏழாவது பக்கம். பனி பொழிந்தது. அம்மாள் கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும். பனி விழுந்த சத்தத்தில் விழித்தீர்களா?" ஆங்கிலத்தில்தான் கேட்டார். ஏளனம் இல்லை. நிஜமான ஆச்சரியம். "எங்கள் ஊரில் பிறந்து அறுபது வருஷமாக நான் அதைக் கேட்டதில்லையே. எப்படி இருந்தது அந்தச் சத்தம்?"

நார்வே பேப்பரைப் பார்த்தான். அதில் பதில் இல்லை. என்னைப் பார்த்தான். நான் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தேன்.

பேப்பரை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான். பிறகு தமிழில் பேசினான். ஆங்கிலப் பேராசிரியர் எழுந்து வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"சத்தமே வரலீங்கம்மா. அதான் பிரச்சனையே. எங்க ரூமுல ஆறு பேரு. ஒருத்தன் கொறட்ட விடுவான், ஒருத்தன் தூக்கத்துல பேசுவான், விடிஞ்சா கோயில் மைக்செட்டு, பஸ்ஸு ஆரனு. அங்க அன்னிக்கிக் காலையில முழிச்சிக்கினு பாக்கறேன், ஒண்ணுமே கேக்கல. காது போயிடுச்சின்னு நெனச்சிட்டேன். கையத் தட்டிப் பாத்தேன். கேட்டுச்சு. ஜன்னலத் தொறந்தா ஊரையே காணோம், எல்லாம் வெள்ளையா கெடக்குது. அழுக வந்துடுச்சுங்க. யாரயாவது கூப்பிடணும், இன்னா சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல. பக்கத்து ரூம் கதவத் தட்டிட்டு நின்னேன். அந்தப் பையன் தொறந்தான். ஒண்ணுமே கேக்கல. என்னப் பாத்தான், அவன் கோட்டக் கழட்டி என் மேல போட்டான். இதான் அந்தக் கோட்டு. தேங்க்ஸுன்னு மட்டுந்தான் எனக்குச் சொல்லத் தெரிஞ்சுது."

ஹால் அமைதியானது. எங்கள் கல்லூரி அமைதியாக இருந்தது அன்று மட்டும்தான். இத்தோடு அவன் உட்கார்ந்திருந்தால் நான் நார்வேயில் உருளைக்கிழங்கு தின்றிருப்பேன்.

"இந்தப் பேப்பர்ல கீறது நான் எழுதினது இல்லீங்க. தோ, ரெண்டாவது வரிசைல ஃபேனப் பாத்துக்கினு குந்திக்கினு கீறானே, அவன் எழுதினது. அவன் பனியப் பாத்ததே இல்ல. பாக்காமயே இவ்ளோ ஆசையா பொய் எழுதறவன் பாத்தா எப்படி எழுதுவான்! அவன அனுப்புங்கம்மா."

'பொய்' என்ற சொல்லுக்குக் கல்லூரியின் மானத்தைக் காப்பாற்றக்கூடிய ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடி, பேராசிரியர் அரை நிமிஷம் வியர்த்தார். கிடைக்கவில்லை. உள்ளதையே சொல்லிவிட்டார். அம்மாள் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். பிரின்சிபால் இந்த மூன்றில் எதையும் செய்யவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு வேறு ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து ஆள் எடுக்கிறார்களாம். கீழே அம்மாள் கைப்பட ஒரு வரி: தன் வாழ்நாளில் கேள்விப்பட்ட பனியிலேயே மிக அதிகமாகச் சத்தம் போட்டது என்னுடையதுதானாம். பிரின்சிபால் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டவைத்தார்.

ஆனால் இனி நான் பிளேன் ஏறப்போவதில்லை என்பது விழா முடிந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. நார்வேயோடு பேச்சை நிறுத்தினேன். மற்ற நால்வர் அறையில் இருந்தால் பிரச்சினையில்லை, எவனாவது "வாடா" என்பான். நான் தனியாக இருக்கும்போது வந்தால்தான் சிக்கல். டொக் டொக் டொக். நான் வாய் திறக்க மாட்டேன். அவன் வெளியே நிற்பான். கதவுக்கு அடியில் பூட்சு தெரியும். கால் மணி, அரை மணி. தள்ளினால் திறக்கிற கதவு. தள்ளமாட்டான். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் என்னால் முடியவில்லை.

"உள்ள வந்து தொலடா சனியனே!"

கதவு திறந்தது. "தேங்க்ஸ்" என்றான்.

நான் இன்றுவரை வெளிநாடு போனதில்லை. அதற்கென்று தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அதே ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டதோடு சரி. எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனவன் நார்வே வீட்டுக்குப் போனேன். மல்லாட்டை காயவைத்து மூட்டை பிடித்துக்கொண்டிருந்தான். கோட்டைக் காணோம். மார்கழியில் சினைமாட்டுக்குப் போர்த்துவதாகச் சொன்னான். பேசிக்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்தது. மூட்டைகளை இழுத்துக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் ஓடினோம். அடுத்த நிமிஷம் கூரைமேல் சடசடவென்று ஏதோ விழுந்தது. எட்டிப் பார்த்தால் ஆலங்கட்டி மழை. புளியங்கொட்டை அளவு பனிக்கட்டிகள் வாசல் முழுக்கத் துள்ளுகின்றன.

நார்வே என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"டேய், கேளுடா! மூட்ட மூட்டையா மல்லாட்ட கொட்டற மாதிரியே கீதா? நீ எழுதின நார்வே இதான்டா! நீ பொய் எழுதலடா, அட்ரஸத்தான் மாத்தி எழுதிட்ட!"

அந்தக் கட்டுரையில் ஒரு வரியைக்கூட அவன் மறக்கவில்லை. இரண்டு கைகளாலும் கட்டிகளை ஏந்திக்கொண்டு, மண்டையில் நங்நங்கென்று அடி வாங்கியபடி அவனோடு வாசலில் நின்றேன்.

அவன் மனைவி முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"போய்ட்டு வந்ததாலதான் இவருக்கு இப்படி ஆயிடுச்சின்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "போகாதவருக்கு இன்னும் ஜாஸ்தியா இல்ல கீது."